முப்பத்தெட்டு வயதில் கிளிப்

ஜூன் 13, வியாழன்

அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். யாரிடமும் சொல்ல முடியாத ஒரு விஷயம் இருப்பதால் இந்த டைரியை எடுத்தேன். நான் வேலை பார்க்கும் லேபுக்கு மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. ஜனவரியிலிருந்து நேற்று வரை எல்லாப் பக்கமும் காலி.

விஷயம் இதுதான். தெருமுனையில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் அக்காவுக்குப் பல் நேராக இருக்கிறது.

எங்கள் இருவருக்கும் எத்துப்பல். அப்பா வழிச் சொத்து. அப்பா மலைக்கோட்டை அம்மன் பெயரை அவளுக்கு வைத்தார், மட்டுவார்குழலி. உறையூர் அம்மன் பெயரை எனக்கு வைத்தார், குங்குமவல்லி. இரண்டு அம்மன் பெயரையும் தெருப்பிள்ளைகள் ஒரே வாரத்தில் தூக்கி எறிந்துவிட்டு, 'பல்லி சிஸ்டர்ஸ்' என்று வைத்துக்கொண்டார்கள். நான் சிரித்தால் முதலில் பல் வரும், ஆள் பின்னால்தான் வருவேன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். நானே சொல்லிச் சிரிப்பேன். அடுத்தவர் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் வலி கொஞ்சம் குறைவு.

அக்காவின் போட்டோ எல்லாவற்றிலும் உதடு இறுக மூடியிருக்கும். வாய் திறந்து சிரிக்கிற படம் ஒன்றே ஒன்று, மகள் மிருதுளாவின் பள்ளி ஆண்டு விழாவில் எடுத்தது. தியாகேசன் மாமா, அக்கா வீட்டுக்காரர், அதைத்தான் ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் கட்ட வந்தபோது சொன்னார்: "கடைசிப் படம், நல்லபடியா இருக்கட்டும்னு பல்லை மட்டும் சரி பண்ணிட்டேன் சார்." நல்ல மனசோடுதான் செய்திருக்கிறார். மாமா தலையை ஆட்டினார். அவருக்கு அப்போது எது சொன்னாலும் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

அம்மா ஃபிளெக்ஸ் முன்னால் நின்று, "யார்டி இது?" என்றாள். வந்தவர்கள், "முகத்துல என்ன களை!" என்றார்கள். நாற்பத்திரண்டு வருஷம் அந்தப் பல்லோடு வாழ்ந்தாள். மே 29 காலையில் அடுப்பில் தோசைக்கல் இருக்க, தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். செத்த பிறகு பல்லைத் திருத்திவிட்டார்கள்.

பால் வாங்குகிற சாக்கில் மூன்று தடவை தெருமுனைக்குப் போய்ப் பார்த்தேன். அக்கா அழகாக இருந்தாள். வீட்டில் வராத அழுகை அங்கே நின்றபோது வந்தது.

ஜூன் 14, வெள்ளி

லேபுக்குப் போனேன். இருபத்தொரு பேருக்கு ரத்தம் எடுத்தேன். மாஸ்க் போட்டிருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

பாலக்கரைக்குப் போய் மாமா வீட்டில் சமைத்துவைத்துவிட்டு வந்தேன். ஒரு வாரத்துக்கு வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு, இட்லி மாவு. அக்காவின் மிக்ஸி எனக்குப் பழகவில்லை. மூடி கழன்று சட்னி சுவரெல்லாம் தெறித்தது. மாமா துடைத்தார். மோட்டார் காயில் கட்டுகிற கை, சுவரையும் அப்படியே நிதானமாகத் துடைத்தது.

மிருதுளா ஏழாவது படிக்கிறாள். பதினாறு நாளும் அழாதவள் இன்றும் அழவில்லை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நோட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"சித்தி, ஒண்ணு பண்ணுவியா?"

"என்னடி?"

"சிரி."

எதற்கு என்று கேட்டுக்கொண்டே சிரித்தேன். அவள் நோட்டை எடுத்து என் கண்ணுக்கு நேரே வைத்து மூக்கு வரை மறைத்தாள். எனக்கு நோட்டின் அட்டைதான் தெரிந்தது. அவளுக்கு என் வாய் மட்டும்.

"அப்படியே இரு," என்றாள். நான் அப்படியே இருந்தேன். வெகுநேரம்.

நோட்டை எடுத்ததும் ஒன்றும் நடக்காதது போலக் கணக்குப் போடப் போய்விட்டாள். நான் வெங்காயத்தை உரித்து முடித்தேன். வெங்காயம் ஒரு வசதி.

ஜூன் 30, ஞாயிறு

இன்றும் நோட்டு. கண்ணைக் காட்டக் கூடாது, பேசக் கூடாது. சிரிக்க மட்டும் வேண்டும். மாமா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர், பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமலே வெளியே போனார்.

ஜூலை 3, புதன்

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. அதற்காகத்தான் லேபுக்கு எதிரில் மாடியில் இருக்கும் பல் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் பர்வீன், சின்னப் பெண், முப்பதுக்குள்தான் இருக்கும். ஈறைப் பார்த்து, சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்றார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. வாயில் அடைத்த பஞ்சோடு, "டாக்டர், என் வயசுல கிளிப் போட முடியுமா?" என்று கேட்டேன். யார் கேட்டது என்று எனக்கே திடுக்கென்றது.

"எலும்பு நல்லா இருந்தா எந்த வயசுலயும் போடலாம்மா. பல்லு கொஞ்சம் மெதுவா நகரும், அவ்வளவுதான். உங்களுக்கு இடம் பத்தாது, நாலு பல்லு எடுக்க வேண்டியிருக்கும். ரெண்டு வருஷம் ஆகும்."

பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க முன்னாடி ஒரு தடவை வந்திருக்கீங்கள்ல?"

"இல்லையே டாக்டர். எதிர் லேப்லதான் வேலை பாக்கறேன். அங்க பாத்திருப்பீங்க."

லேபில் நான் மாஸ்க்கைக் கழற்றுவதே இல்லை. கொரோனா போய் எல்லோரும் கழற்றிய பிறகும் நான் கழற்றவில்லை. ஆஸ்துமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது மாடிப்படி இறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஜூலை 14, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"இந்த வயசுல யாருக்குடி காட்டப் போற?"

"ஈறுக்கு நல்லதாம்மா."

"வீட்ல எழவு விழுந்து ரெண்டு மாசம் ஆகல. மக போயிட்டா, தங்கச்சிக்காரி சிங்காரிச்சுக்கிட்டுத் திரியறான்னு ஊரு சொல்லும்."

ஊர் பதினோரு தடவை சொன்னதை விடவா? என்னைப் பெண் பார்க்க வந்து போனவர்கள் பதினோரு பேர். கேசரி சாப்பிட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஒன்பதாவது ஆளின் அம்மா மட்டும் யோசிக்கவில்லை. படியிறங்கும் முன்பே, பல்லைக் காட்டி, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்காவை முதலில் பார்க்க வந்தவர் தியாகேசன் மாமா. "சிரிச்ச மூஞ்சியா இருக்கு," என்று சொன்னாராம். அவளுக்கு ஒரே ஆள், ஒரே வார்த்தை, கல்யாணம் முடிந்துவிட்டது. அப்போது எனக்கு இருபத்தோரு வயது. எல்லோருக்கும் அப்படி ஒருத்தர் வருவார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாமாவின் அக்கா சகுந்தலா வந்தார். பூ, பழம் எதுவும் கொண்டுவரவில்லை; துக்க வீட்டுக்கு வருகிற மாதிரிதான் வந்தார். காபி குடித்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தை, சுத்தி வளைக்காம சொல்றேன். வருஷம் திரும்பட்டும். அதுக்கப்புறம் தியாகுவுக்கு நம்ம வல்லியையே முடிச்சிடலாம். வெளிய இருந்து ஒருத்தி வந்தா புள்ளைய எப்படிப் பாத்துப்பாளோ. இவன்னா ரத்தம். முகமும் அதே முகம். புள்ளைக்கு அம்மாவே திரும்பி வந்த மாதிரி இருக்கும்."

அம்மா என்னைப் பார்த்தாள். மே 29க்குப் பிறகு அவள் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தது இன்றுதான்.

"வல்லி என்ன சொல்றா?" என்றார் சகுந்தலா.

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். டம்ளரில் பாதிக் காபி இருந்தது என்று அம்மா பிறகு திட்டினாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஒருவர் கையில் ஊசியை மூன்று முறை குத்த வேண்டியதாயிற்று. பதினாறு வருஷத்தில் இதுவே முதல் தடவை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பல்லுக்கு அச்சு எடுத்தார்கள். ரோஸ் கலரில் ஒரு மாவைக் குழைத்துத் தட்டில் அப்பி, வாய்க்குள் வைத்து அழுத்தினார்கள். தொண்டை வரை போய்விட்டது போல இருந்தது. குமட்டிக் கண்ணில் தண்ணீர் வந்தது. "மூக்கால மூச்சு விடுங்க, கால் கட்டை விரலை ஆட்டுங்க," என்றார் டாக்டர். ஏன் என்று தெரியாமல் ஆட்டினேன். ஆச்சரியம், குமட்டல் நின்றது. அந்த அச்சில் வெள்ளைப் பிளாஸ்டரை ஊற்றி என் பல்லைப் போலவே செய்து வைப்பார்களாம். அதை வைத்துத்தான் எந்தப் பல்லை எடுப்பது, எங்கே நகர்த்துவது என்று கணக்குப் பார்ப்பார்களாம்.

எனக்குப் பல் நேராக வேண்டும், அதனால் போனேன். ஈறு ஒரு பொய். இதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சகுந்தலா மறுபடி வந்தார். கிளிப் விஷயத்தை அம்மா சொல்லியிருக்கிறாள்.

"எதுக்கு வல்லி இப்ப அதெல்லாம்? உன் பல்லுக்கு என்ன குறைச்சல்? அப்படியே இருக்கட்டும். அதுதானே எங்களுக்கு வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தவில்லை, நன்றாகவே சிரித்தேன். பதினோரு பேர் இந்தப் பல் வேண்டாம் என்று போனார்கள். பன்னிரண்டாவதாக வந்தவர்கள் இந்தப் பல்தான் வேண்டும் என்கிறார்கள். இரண்டிலும் நான் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சகுந்தலா நான் சம்மதித்துச் சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். போகும்போது என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

இன்றும் பாலக்கரையில் நோட்டு. எத்தனை ஞாயிறு ஆகிவிட்டது. அந்த நோட்டின் அட்டையில் இருக்கும் கால அட்டவணை எனக்கு மனப்பாடம். திங்கள் முதல் பீரியட் தமிழ், இரண்டாவது கணக்கு. அட்டைக்கு அந்தப் பக்கம் அவள் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அங்கே நான் இல்லை. குழந்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மூச்சு முட்டுகிறது.

ஆகஸ்ட் 24, சனி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

திட்டம் சொல்ல டாக்டர் கூப்பிட்டிருந்தார். நர்ஸ் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். டாக்டர் திறந்து வெள்ளைப் பல் வரிசையைக் கையில் எடுத்தார். "இதோ பாருங்கம்மா, மேல் தாடை எவ்வளவு முன்னாடி வந்திருக்கு," என்று பேனாவால் காட்டிக்கொண்டே போனார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பல்தான், அதே வளைவு, அதே ஏற்றம். ஆனால் முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது.

எனக்கு அப்படி உடைந்ததில்லை. யாருக்கு உடைந்தது என்று தெரியும். முனிசிபல் பார்க்கில் ஊஞ்சலை வேகமாகத் தள்ளியவள் நான். அவளுக்குப் பத்து வயது, எனக்கு ஆறு. அம்மாவிடம் தானே விழுந்துவிட்டதாகச் சொன்னாள்.

"டாக்டர், இது என்னோடது இல்ல."

பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். மேலே ஒட்டியிருந்த சீட்டில் குழலி, 42, பாலக்கரை என்று இருந்தது. மார்ச் 9.

"அய்யோ, சாரிம்மா. பாத்தா ஒரே மாதிரி இருந்துச்சு, மாத்தி எடுத்துட்டு வந்துட்டாங்க." பிறகு அவருக்கே பிடிபட்டது. "உங்க அக்காவா? அதான் அன்னைக்கே எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு கேட்டேன். மார்ச்ல வந்தாங்க. அளவெல்லாம் கொடுத்துட்டு, 'என் தங்கச்சி எதிர் லேப்லதான் இருக்கா, அவளையும் கூட்டிட்டு வர்றேன் டாக்டர், ரெண்டு பேரும் ஒண்ணாப் போட்டுக்கறோம். தனியாப் போட்டா வெக்கமா இருக்கும்'னு சொல்லிட்டுப் போனாங்க. அப்புறம் வரவே இல்லை. எப்படி இருக்காங்க?"

சொன்னேன். டாக்டர் கையில் இருந்ததை மெதுவாகக் கீழே வைத்தார்.

அவள் ஏன் வரவில்லை என்று டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மார்ச்சில் ஒரு நாள் மத்தியானம் லேப் வாசலுக்கு வந்தாள். இருவரும் கரும்புச்சாறு குடித்தோம். "ஏண்டி வல்லி, நாம ரெண்டு பேரும் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கலாமா?" என்றாள். எதிர் மாடியைக் கண்ணால் காட்டினாள். அளவு கொடுத்துவிட்டு நேராக என்னிடம்தான் வந்திருக்கிறாள். அதை அவள் சொல்லவில்லை.

நான் சொன்னதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

"உனக்கென்னடி, புருஷன் இருக்காரு, புள்ள இருக்கு. இனிமே யாருக்குக் காட்டப் போற? வயசுக்கு வரப்போற பொண்ணை வெச்சுக்கிட்டு நீ பல்லுக்குக் கம்பி போட்டுக்கிட்டு நின்னா ஊரே சிரிக்கும்."

சும்மா சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சும்மா சொல்லவில்லை. 'சிரிச்ச மூஞ்சி' என்று சொல்ல ஒருவர் கிடைத்தவளுக்கு இன்னும் என்ன வேண்டும் என்று இருந்தது எனக்கு. சுருக்கென்று தைக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். தைத்தது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "ஆமாடி, சும்மா கேட்டேன்," என்று சிரித்தாள். சாறு குடித்த கிளாஸைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அவள் ஆசைப்பட்ட பல்லை ஃபிளெக்ஸ் கடைக்காரர் கொடுத்தார். நான் கொடுத்தது அந்தப் பேச்சு.

டாக்டர் அந்தப் பெட்டியை என்னிடமே தந்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து, பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லப் போவதில்லை. அது எனக்கு வேண்டும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தலைவலி என்று சொல்லிப் பாலக்கரைக்குப் போகவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

மாமாவின் கடைக்குப் போனேன். வீட்டில் பேசினால் மிருதுளா காதில் விழும். நீலப் புடவை கட்டிக்கொண்டேன். மற்றவை இஸ்திரி போடாமல் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு பம்ப்செட் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"மாமா, சகுந்தலாக்கா வந்து பேசினாங்க."

"தெரியும். நான் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. எனக்கு எதுவும் ஓடல வல்லி."

"நான் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கப் போறேன். முகம் மாறிடும்னு டாக்டர் சொல்றாங்க. அக்கா மாதிரி இருக்க மாட்டேன்."

கம்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ வீட்டுக்கு வந்து சிரிச்சா, நான் எழுந்து வெளிய போயிடறேன். கவனிச்சிருக்கியா?"

"கவனிச்சிருக்கேன் மாமா."

"ஒரு நிமிஷம் அவதான்னு நெனச்சுடறேன். அடுத்த நிமிஷம் இல்லேன்னு தெரியுது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவ மறுபடியும் மறுபடியும் செத்துப்போற மாதிரி இருக்கு. தினம் தினம் என்னால அதைத் தாங்க முடியாது." கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உனக்கும் அது நல்லா இருக்காது. நீ நீயா இருந்துக்க வல்லி. எங்க அக்காகிட்ட நான் சொல்லிடறேன்."

நான் என்ன சொல்ல நினைத்துப் போனேனோ அதை அவரே சொல்லிவிட்டார். நிம்மதிதான். எனக்கு ஏமாற்றம் ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன். நீலப் புடவையில் எங்கோ கிரீஸ் பட்டுவிட்டது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

சம்பந்தப் பேச்சு நின்றுபோனது தெரிந்து அம்மா பேசவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

அம்மா இன்றும் பேசவில்லை. தட்டை மட்டும் நங்கென்று வைக்கிறாள். நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. நமக்குத்தான் இந்த வருஷம் பண்டிகை இல்லையே. எதிர்வீட்டுக்காரி கொழுக்கட்டை கொடுத்தனுப்புவாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மிருதுளா நோட்டோடு வந்தாள். அவள் அதைத் தூக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

"மிரு, சித்தி பல்லுக்குக் கிளிப் போடப் போறேன்."

"போட்டா?"

"பல்லு உள்ள போயிடும். நேராயிடும்."

"உடனேவா?"

"இல்லடா. கொஞ்சம் கொஞ்சமா. ரெண்டு வருஷம் ஆகும்."

விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "அப்ப நான் ஒன்பதாவது."

"ஆமா."

"வேணாம் சித்தி. நீ போட்டுக்காத."

எத்தனையோ சமாதானங்களை யோசித்து வைத்திருந்தேன். அவள் என்னிடம் கேட்டது அதிகமில்லை. எதையும் மாற்றாமல் இருக்கச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் ஒருத்தி தன் முகத்தை ஒரு குழந்தைக்காக எத்தனை வருஷம் அப்படியே வைத்துக்கொண்டிருக்க முடியும்? இவள் ஒன்பதாவது போவாள், பன்னிரண்டாவது போவாள், ஒரு நாள் நோட்டைத் தூக்குவதை நிறுத்திவிடுவாள். அப்போது நான் யார் முகத்தோடு இருப்பேன்?

"போட்டுக்கப் போறேன்டா," என்றேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கிளம்பும்வரை திறக்கவில்லை. உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. அம்மா செத்து மூன்று மாதம் கழித்து இன்றைக்கு அழுதாள். அழவைத்தவள் நான்.

செப்டம்பர் 21, சனி

மேல் வரிசையில் இரண்டு பல் எடுத்தாயிற்று. மரத்துப்போன வாயோடு பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தேன். அம்மா ஒன்றும் கேட்காமல் மோர் சாதத்தைக் குழையப் பிசைந்து ஆறவைத்துக் கொண்டுவந்தாள்.

"ரொம்ப வலிக்குதாடி?"

பத்தொன்பது நாள் கழித்துப் பேசினாள். தலையை ஆட்டினேன். தலையைத் தடவிக்கொடுத்தாள். எனக்கு அழுகை முட்டியது. பஞ்சு நனைந்துவிடும் என்று அடக்கினேன்.

அக்டோபர் 5, சனி

கீழ் வரிசையில் இரண்டு. வேர் வளைந்திருந்ததாம், முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அக்டோபர் 13, ஞாயிறு

பாலக்கரை. சமைத்தேன், துவைத்தேன், வந்தேன். மிருதுளா என் முகத்தைப் பார்த்து ஒரு மாதம் ஆகிறது. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், தரையைப் பார்த்து.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. நாங்கள் எண்ணெய் தேய்க்கவில்லை, பலகாரம் சுடவில்லை. அக்கம்பக்கத்திலிருந்து எட்டு டப்பா வந்தது. அதிரசம் கடிக்க முடியவில்லை. பாலில் ஊறவைத்துத் தின்றேன். அக்காவுக்கு அதிரசம் உயிர்.

நவம்பர் 8, வெள்ளி

கிளிப் போட்டாயிற்று. ஒவ்வொரு பல்லிலும் ஒரு சின்ன உலோகத் துண்டை ஒட்டி, அதன் ஊடே கம்பியைக் கோத்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கொடுத்தார். வாய் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. பல்லும் போய்ச் சேரவில்லை, அழகும் வந்து சேரவில்லை, நடுவழியில் நிற்கிறேன்.

"சிரிங்கம்மா, பாக்கலாம்," என்றார். சிரித்தேன். கண்ணாடிக்குள் அக்காவையும் தேடிப் பார்த்தேன்.

லேபுக்கு மாஸ்க் இல்லாமல் போனேன். ரிசப்ஷனில் இருக்கும் பெண், "அக்கா, உங்க முகம் இப்படித்தான் இருக்குமா!" என்றாள். ஏழு வருஷமாக ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம். நான்கு வருஷமாக மாஸ்க், அதற்கு முன்னால் கை.

நவம்பர் 10, ஞாயிறு

கம்பி உதட்டின் உள்பக்கத்தைக் கிழித்துப் புண்ணாக்கியிருக்கிறது. கஞ்சிதான் இறங்குகிறது. நான் பாலக்கரைக்குப் போகவில்லை என்று மாமாவே மிருதுளாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளை விட்டுவிட்டு, அம்மாவோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். உள்ளே நானும் அவளும் மட்டும். அவள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவி ஓடவில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. எழுந்து போய் பீரோவைத் திறந்தேன். புடவைகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன்.

பேசினால் புண்ணில் கம்பி குத்தியது. "உங்க அம்மாவோடது," என்று மட்டும் சொன்னேன்.

சீட்டில் இருந்த பெயரைப் படித்தாள். பெட்டியைத் திறந்தாள். வெள்ளையாக இரண்டு வரிசைப் பல்.

"இது எப்படி அம்மாவோடது?"

உங்க அம்மாவும் கிளிப் போட ஆசைப்பட்டாங்க, அளவு கொடுத்தாங்க, வாய்க்குள்ள மாவு வெச்சு அப்படியே அச்சு எடுத்தது, ஒரு நூல் கூட மாறாது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டுத்தான் அவள் போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் சொன்னேன். "நான் கேலி பண்ணினேன்டா. அதனால விட்டுட்டா." அவள் அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. அவள் விரல் ஒவ்வொரு பல்லாக நகர்ந்து, உடைந்த முன்பல்லில் வந்து நின்றது. அந்த ஓரத்தைத் திரும்பத் திரும்பத் தடவினாள்.

"அம்மாதான்," என்றாள்.

பிறகு மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் இரண்டு கையால் எடுத்துச் சேர்த்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தின. இடது முழங்கையை மடக்கி, மேல்கையின் சதையை அந்த இரண்டுக்கும் நடுவில் வைத்து, வலது கையால் அழுத்தினாள்.

"என்னடி பண்ற?"

"அம்மா கடிக்கும்ல," என்றாள். "ஸ்கூலுக்கு எழுந்திரிக்கலன்னா வந்து இங்க கடிக்கும். 'உன்னைத் தின்னுடுவேன் தின்னுடுவேன்'னு."

எடுத்துப் பார்த்தாள். தோலில் சின்னச் சின்னப் பள்ளங்களாக அரைவட்டம் பதிந்திருந்தது. ஒரு பல்லுக்கு மட்டும் ஓரம் குறைவு. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் சிவப்பு மங்கி, பள்ளம் நிரவி, வெறும் கை ஆகிவிட்டது. மறுபடி வைத்து அழுத்தினாள். மறுபடி மறைந்தது. மூன்றாவது தடவை அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை.

அப்புறம் இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கண்ணை, மூக்கை, வீங்கிய உதட்டை, கம்பியை, எல்லாவற்றையும்.

"உனக்கும் வைக்கவா சித்தி?"

ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு அவள் பக்கம் நீட்டினேன்.

"அழுத்தியே வை," என்றேன்.